எனக்கென்று வைத்திருந்த ஹாகி கோப்பை

குற்றாலத்தில் ஒரு வீட்டில் எனக்கென்று ஒரு கோப்பை இருந்தது. ஒன்பது ஆண்டுகள், வெளியூர் போன நாட்களும் கொரோனா மாதங்களும் நீங்கலாக, வியாழக்கிழமைதோறும் அதில்தான் தேநீர் குடித்தேன். அது எனக்குச் செய்யப்பட்ட மரியாதை என்று நம்பினேன். போன ஆனி மாதத்தில் அந்த நம்பிக்கை போயிற்று. நடந்ததை என் நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு தென்காசியில். எதற்கும் தேதி போட்டு வைப்பது வேலையில் ஒட்டிய பழக்கம். சாரல் எந்தக் கிழமை தொடங்கியது, ஐந்தருவியில் எத்தனை நாள் குளிக்கவிடவில்லை, கோயில் கோபுர வாசலில் காற்று எந்த வாரம் ஆளைத் தள்ளத் தொடங்கியது, செங்கோட்டை ரயில் எவ்வளவு தாமதம் என்று முப்பது நாற்பது நோட்டுகள் எழுதியிருக்கிறேன். அச்சுக்குப் போகிற எழுத்து அல்ல அது. வீட்டில்கூட யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. அதை வரி விடாமல் வாசித்த ஒரே ஆள் அண்ணாச்சிதான்.

அண்ணாச்சி என்னைவிட ஆறு வயது மூத்தவர். சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்து, வேலை முடிந்ததும் ஐந்தருவி போகிற வழியில் உள்ள குடும்ப வீட்டில் வந்து தங்கிவிட்டார். தென்காசி நூலகத்தில் ஒரே பழைய மாவட்ட விவரப் புத்தகத்தை இருவரும் ஒரே நாளில் கேட்டதில் பழக்கம் உண்டானது. அந்தப் புத்தகத்தில் ஒரு வெள்ள ஆண்டு தப்பாகப் போட்டிருக்கிறது என்று நான் சொன்னேன். மறுவாரம் அவர் அதைச் சரிபார்த்துக்கொண்டு வந்து, "சார், நீங்க சொன்னதுதான் சரி" என்றார். வேறு என்ன வேண்டும் எனக்கு?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், ஊரைவிட்டுத் தள்ளியிருந்த தெருவில் பிறந்தவன். என் அப்பா டீக்கடைக்கு வெளியே நின்று, கூரைக் கம்பில் செருகி வைத்திருந்த தனிக் கிளாஸை எடுத்துக் குடித்து, தானே கழுவித் திரும்பச் செருகிவிட்டு வந்தவர். அண்ணாச்சி நிலபுலம் உள்ள, மேலே வைக்கப்பட்ட சாதிக்காரர். பழகிய முதல் மாதமே இதைப் பேசிவிட்டோம். நான்தான் பேச்சை எடுத்தேன். அவர் சிரித்தார்.

"அதையெல்லாம் கப்பல்ல ஏறுன அன்னிக்கே கடல்ல போட்டுட்டேன் சார். மீனு தின்னிருக்கும்" என்றார்.

அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் வீட்டுக்குப் போன முதல் வியாழனே அந்தக் கோப்பை வந்துவிட்டது. கைப்பிடி கிடையாது. உள்ளங்கையில் அடங்குகிற உயரம். ஊறவைத்த அரிசியின் வெளுப்பு. சுவரில் குயவரின் விரல் ஓடிய தடம் மேடு பள்ளமாகத் தெரிந்தது. அவருடைய கப்பல் பழுதுக்காக ஜப்பானில் ஒரு மாதத்துக்கும் மேல் நின்றபோது, ஹாகி என்ற கடலோர ஊருக்குப் போய் ஒரு கிழவரின் பட்டறையில் வாங்கியது என்றார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கிழவர் கையெழுத்துப் போட்ட சின்ன மரப்பெட்டி ஒன்றும் கூட வந்தது. பெட்டி முன்னறைக் கண்ணாடி அலமாரியில், கப்பல் பொம்மைக்கும் சங்குக்கும் நடுவில் இருந்தது.

அதன் பிறகு ஹாகியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் கொரியா மீது படையெடுத்துப் போன ஜப்பானியர் திரும்பும்போது அங்கிருந்து குயவர்களைக் கொண்டுவந்தார்கள். ஹாகியை ஆண்ட பிரபு அவர்களில் சிலரைத் தன் ஊரில் குடிவைத்து, தன் தேநீர்ச் சபைக்குக் கிண்ணம் செய்ய வைத்தார். அவர்கள் மண்ணை இறுகிப்போகும் அளவுக்குச் சுடுவதில்லை. நிதானமான சூட்டில் நெடுநேரம் வேகவிடுவார்கள். அதனால் பாண்டம் கொஞ்சம் நீர் குடிக்கும். மேல்பூச்சில் மயிரிழை போலக் கீறல்கள் விழுந்திருக்கும். தேநீர் அந்தக் கீறல்களில் இறங்கி, ஆண்டுக்கணக்கில் நிறத்தை மாற்றிக்கொண்டே வரும். ஹாகி ஏழு முறை மாறும் என்று அங்கே சொல்வார்களாம்.

கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிவளையத்தில் ஓரிடம் வெட்டி எடுத்தது போல இருக்கும். அண்ணாச்சி அதற்கு ஒரு கதை சொன்னார். நல்ல பாண்டமெல்லாம் பிரபுவுக்கு மட்டும்தான். சாதாரண ஜனங்கள் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் குயவர்கள் அடியில் ஒரு வெட்டு வெட்டி, இது பழுதான சரக்கு என்று சொல்லி ஜனங்களுக்குக் கொடுத்தார்களாம். பிறகு அதுவே அடையாளமாக நின்றுவிட்டது. கதையாக மட்டுமே இருக்கலாம் என்று நான் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

வாரா வாரம் எனக்கே அந்தக் கோப்பை வருவதைப் பார்த்து ஒருநாள் கூச்சத்தோடு கேட்டேன். "அண்ணாச்சி, இவ்வளவு அருமையான சாமான எனக்குத் தாரீங்களே. நீங்க குடிக்க வேண்டாமா?"

"ஜப்பான்ல வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி கப்பு சார். அப்பா கப்புல மகன் குடிக்கமாட்டான். இது உங்க கப்பு. இத இனி யாரும் தொடமாட்டாங்க."

வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. நாட்குறிப்பில் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி அடிக்கோடு இட்டேன். ஜப்பானில் அப்படியா என்று பார்த்தேனே தவிர, குற்றாலத்தில் அந்த வீட்டில் மற்றவர்களுக்குத் தனித்தனிக் கோப்பை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அண்ணாச்சியே கையில் கிடைத்த எவர்சில்வர் டம்ளரில்தான் குடித்தார். ஒருமுறை என்னோடு வந்த சர்வேயர் நண்பருக்கும் டம்ளர்தான் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவர், "உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா? பெரிய ஆளுதான் வே" என்று விலாவில் இடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் எந்தச் சாதி என்று அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை.

கோப்பை மாறிக்கொண்டு வந்தது. செங்கோட்டையிலிருந்து வாங்கி வரும் தூளில் பால் ஊற்றாமல் போட்ட கட்டஞ்சாயா. இரண்டாம் ஆண்டில் கீறல்கள் எல்லாம் மெல்லிய பழுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. தென்காசி தனி மாவட்டமான ஆண்டில் உட்புறம் முழுக்க விளாம்பழ ஓட்டின் நிறம். நான் வாய் வைக்கும் பக்கம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுத்திருந்தது. வேறு யார் குடித்திருந்தாலும் கறை அப்படி ஒரே இடத்தில் விழுந்திருக்காது. அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று எழுதினேன்.

"நம்ம செங்கோட்டைத் தூளுக்கு இது எட்டாவது தடவையும் மாறும் பாருங்க" என்பார் அவர். நோட்டை வாசித்துக்கொண்டே, "போன ஆவணில மூணு நாளு மழைன்னு போட்டிருக்கீங்க, நாலு நாளுல்லா பெஞ்சுது" என்று மடக்குவார். அவருடைய மனைவி உள்ளேயிருந்தபடியே, "ரெண்டு பேரும் மழைக்கு ஜாதகம் எழுதுதீங்களோ" என்று கேலி செய்வார்கள். நான் அவர்களை மதினி என்று கூப்பிட்டேன். அண்ணன் மனைவியைக் கூப்பிடுவது போல. அவர்கள் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஆனி மாதம் மூன்றாவது வியாழன். காலையிலிருந்து சாரல். சீசன் கூட்டத்தில் பஸ் நகர முடியாமல் நின்றதால், இறங்கி நடந்தே போனேன். அண்ணாச்சி பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போயிருந்தார். "இருக்கச் சொன்னாவ, இந்தா வந்துருவாவ" என்று ஒரு பெண் கதவைத் திறந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறதாம். தலையைத் துவட்டத் துண்டு தந்தாள். கொஞ்ச நேரத்தில் எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்தாள். பால் டீ. நனைந்து வந்த குளிருக்கு இதமாக இருந்தது. ஒரு மடக்குக் குடித்தேன்.

உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது. எனக்குக் கேட்கக் கூடாது என்று தாழ்த்திய குரல்தான். ஆனால் அந்த வீட்டில் மர உத்தரம், சத்தம் அப்படியே வரும்.

"ஏட்டி, எதுல ஊத்திக் குடுத்த?"

"டம்ளர்லதான்க்கா."

"அவுகளுக்குத் தனியா கப்பு இருக்குன்னு சொன்னேன்லா. பொறத்தால சன்னல்ல. வாய் வச்சிட்டாவளா?"

"ஒரு மடக்கு குடிச்சிட்டாவக்கா."

"சரி போ. அந்தக் கப்புல மாத்திக் குடு. டம்ளர உள்ள கொண்டாராத, தொட்டிகிட்ட போட்டுரு."

அந்தப் பெண் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு டம்ளரை விரல்நுனியால் எடுத்துக்கொண்டு போனாள். அவள் நடையிலேயே தெரிந்தது, இந்த வழக்கம் அவளுக்குப் புதிதல்ல, இந்த வீடுதான் புதிது.

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஒன்பது ஆண்டுகளில் அந்த முன்னறையைத் தாண்டியதில்லை. கை கழுவ வேண்டுமானால் வெளிக்குழாயைத்தான் காட்டுவார்கள். அதிலும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனேன். பாத்திரம் தேய்க்கிற கல், அதையொட்டி ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே சிமெண்டு விளிம்பு. அதில் ஒரு சோப்புத் துண்டும், தேங்காய் பறிக்க வருகிறவருக்கான அலுமினிய டம்ளரும் இருந்தன. பக்கத்தில் வட்டமாக ஒரு தடம். ஈரத்தோடு வைத்து வைத்துச் சிமெண்டில் படிந்த பழுப்பு வளையம். ஓரிடத்தில் மட்டும் விட்டுப்போயிருந்தது, அடியில் வெட்டு இருந்த இடம். கோப்பையை அதன்மேல் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

அண்ணாச்சி வந்தபோது நான் முன்னறையில், குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மழையில் வந்த உற்சாகத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார்.

"கப்பு எங்கன இருக்குன்னு பாத்துட்டு வந்தேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். அதற்கே வெகுநேரம் ஆனது.

"எனக்கு அதுல ஒண்ணும் கிடையாது சார். அவ பொறந்த வீட்டுப் பழக்கம். மொத நாளே ஒரு அலுமினிய டம்ளர எடுத்துட்டா. எனக்கு மனசு கேக்கல. அதான் இருக்கதுலயே நல்ல கப்ப எடுத்து, இது அவுகளுக்குன்னு வச்சேன். அவளுக்கும் சரி, உங்களுக்கும் சங்கடம் இல்லன்னு."

"ஜப்பான் வழக்கம்னு சொன்னீங்களே."

"அது நெசந்தான சார்."

நிஜம்தான். நானே சரிபார்த்ததுதான்.

"அங்க தேநீர்ச் சபைல ஒரே கிண்ணத்துல பத்துப் பேரு வரிசையா கைமாத்திக் குடிச்சோம், வெளிம்பத் தொடச்சு அடுத்தவன்ட்ட குடுப்பான்னும் சொன்னீங்க. அதுவும் ஜப்பான்லதான்."

"அது வேற ஊரு சார்" என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன். மதினி வாசல்வரை வந்து, "சாப்பிட்டுப் போகலாமே" என்றார்கள். ஒன்பது ஆண்டுகளில் அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள் பகலில் உட்கார்ந்து பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். எல்லாம் அதிலேயே இருந்தது. பழகிய முதல் ஆண்டில் எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அண்ணாச்சி வந்த நாள்: "அண்ணாச்சிக்குச் சர்க்கரை நோய். டீ வேண்டாம் என்று சோடா பாட்டில் மட்டும் குடித்தார்." அதற்கு நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை: "அண்ணாச்சி சீனி இரண்டு கரண்டி போட்டுக்கொள்கிறார், நல்ல உடம்பு." இரண்டும் என் கையெழுத்து, எதிரெதிர்ப் பக்கங்கள். தபாலில் ஒரு பின்கோடு எண் மாறியிருந்தாலும் கண்டுபிடித்த ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அண்ணாச்சி வந்தார். ஸ்கூட்டரில் தனியாக. கையில் துணிப்பை. நான் வாசலில் நின்றேன். "வாங்க" என்று சொல்லும்வரை உள்ளே வரவில்லை. உட்கார்ந்ததும் பையிலிருந்து மரப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அலமாரியில் காலியாக இருந்த பெட்டிதான். உள்ளே கோப்பை.

"இது உங்களுது. உங்ககிட்டதான் இருக்கணும்" என்றார்.

என் மனைவி எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். எவர்சில்வர் டம்ளர்கள், பால் டீ. வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

அண்ணாச்சி டம்ளரைப் பார்த்தார். நான் குடிங்க என்று உபசரிக்கவில்லை. அந்த அரை நிமிடத்தில் நான் என்ன வேண்டினேன் என்று எனக்குத் தெரியும். அவர் டம்ளரை எடுத்துப் பேச்சோடு பேச்சாக ஒரு மடக்குக் குடித்து, "சீனி கம்மியா இருக்கே" என்று குறை சொன்னால் போதும். ஒன்பது ஆண்டையும் அதில் கழித்துவிட்டு மறு வியாழன் நோட்டோடு போய் நின்றிருப்பேன்.

அவர் எடுத்தார். சூடு பார்க்காமல், இடையில் மூச்சு விடாமல், ஒரே வீச்சில் குடித்து முடித்தார். மருந்து குடிப்பது போல. டம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போதுமா சார்?" என்றார்.

பிறகு தாழ்ந்த குரலில், கதவுநிலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்கன டீ குடிச்சத மட்டும் உங்க மதினிட்ட பேச்சுவாக்குல சொல்லிராதீங்க. அவ ஒரு மாதிரி ஆளு."

அதோடு முடிந்தது. பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "கொண்டுபோங்க அண்ணாச்சி."

"இதக் கொண்டுபோயி நான் என்ன செய்ய? வீட்டுல இனி யாரு இதுல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கினார். ஸ்கூட்டர் இரண்டு மூன்று உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

உள்ளே வந்தபோது என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னுடையது நிறைந்தபடி ஆறிப்போய் இருந்தது.

"எல்லாத்தையும் கேட்டுட்டியா?" என்றேன்.

"புதுசா என்ன கேக்க? எனக்குப் பால்காய்ப்பன்னிக்கே தெரியும். நம்ம வீட்டுல சோடா பாட்டில மூடி ஒடைக்காம வாங்கி, தானே ஒடைச்சுக் குடிச்சாரே. அதுக்குப் பொறவு ஒருக்க அவுக வீட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனீங்களே, உங்களுக்கு அந்தக் கப்பு வந்துது. எனக்கு எதுல குடுத்தாவன்னு பாத்தீங்களா?"

நான் யோசித்தேன். நாட்குறிப்பில் அது இல்லை.

"பேப்பர் கப்புல" என்றாள். "குடிச்சிட்டு வெளிய குப்பைல போடுங்கன்னு கையக் காட்டுனாவ. நீங்க அண்ணாச்சிகிட்ட மழைக்கணக்கு பேசிட்டிருந்தீங்க."

அதன்பிறகு அவள் அங்கே வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் மூட்டு வலி என்றாள். நானும் மூட்டு வலி என்றே எழுதி வைத்திருக்கிறேன், கிழமையோடு.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது. அண்ணாச்சியிடம் உயராத குரல்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? போறத நிறுத்தியிருப்பீங்க. வியாழக்கிழமன்னா காலையிலயே சட்டையத் தேச்சு வச்சிருவீங்க. நோட்ட ரெண்டு பாலிதீன் கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போவீங்க. வரும்போது பாதி ராஜா மாதிரி வருவீங்க. உங்க நோட்ட வாசிக்க இந்த ஊருல வேற யாரு இருக்கா? நான் வாசிச்சனா?"

"ஒன்பது வருஷம்" என்றேன்.

"ஆமா" என்றாள். "எனக்கும் ஒன்பது வருஷந்தான்."

என் டம்ளரில் இருந்த டீயைச் சுட வைக்க அடுப்படிக்கு எடுத்துப்போனாள்.